தூக்கிய கை

கன்வென்ஷன் கூட்டம் முடியும் நேரத்தில் பிரசங்கியார் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வார். கீபோர்டு மெல்ல வாசிக்கத் தொடங்கும். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், ஆண்டவருக்காக இதைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள் என்பார். ‘இது’ என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பொய்யை விடுவது, பகையை விடுவது, கிராமங்களுக்குப் போவது. நாங்கள் உயர்த்துவோம். பிறகு ஆசீர்வாத ஜெபம். பாயை உதறிச் சுருட்டி, செருப்பைத் தேடி எடுத்து, மைதானத்து வாசலில் பஜ்ஜி வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறுவோம். எதற்காகக் கையைத் தூக்கினாய் என்று பஜ்ஜிக் கடையில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை.

அந்தக் கையை வீடு வரைக்கும் கொண்டுபோன ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். திருநகரில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தபோது கீழே குடியிருந்த அக்கா. வீட்டின் சொந்தக்காரரும் அவர்தான். அவர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், ரொம்ப நல்லவர் என்று ஆரம்பித்து, நடுவில் குழம்பி, கடைசியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அக்காவுக்கு. ஐம்பதை நெருங்கிய வயது. குட்டையான உருவம், ஓட்டமும் நடையுமாகத்தான் எங்கும் போவார். பிள்ளைகள் இல்லை. கணவருக்குக் கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். பி.எட். முடித்தும் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு வீட்டில் இருந்த என்னை அக்கா விடாமல் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

“என்ன டீச்சர், பிள்ளைக்கு இன்னைக்கு எத்தன தடவ கை கழுவி விட்டீக? ரேகை அழிஞ்சிறப் போகுது, பாத்துக்கங்க. நாளைக்கு ஆதார் எடுக்கணும்ல.”

நான் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கழுவிவிடுவேன். அதுதான் நான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஆறும்போது ஏதாவது விழுந்திருக்குமோ என்று மறுபடி கொதிக்க வைப்பேன்.

அவர்களோடு நான் போன முதல் கன்வென்ஷனில் ஒன்றைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொன்னால் நான் லேசாகத் திறந்துவைத்திருப்பேன், மடியில் பிள்ளை இருக்கிறதே என்று ஒரு சாக்கு. சுற்றிலும் கைகள். அக்காவின் கை மட்டும் மேலே இல்லை. ஆண்கள் பக்கத்தின் ஓரத்தில், பெண்கள் பாயை ஒட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் அக்காவின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் மரியாதையை மறந்து கேட்டுவிட்டேன். “நீங்க தூக்கலியாக்கா?”

“அவரு கேட்டது பெருசு டீச்சர். தூக்கிட்டா செய்யணும்ல. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“யாருகிட்ட, பிரசங்கியார்கிட்டயா?”

“பிரசங்கியார்கிட்டப் போயி எதுக்குச் சொல்றேன்?”

முன் சீட்டிலிருந்து அண்ணன் திரும்பினார். “கல்யாணத்தன்னைக்கு ஆயர் பிடிச்சுக் குடுத்தப்பகூட இவ கைய நான் இம்புட்டுக் கெட்டியாப் பிடிக்கல தங்கச்சி. இந்தக் கை ஒருக்க மேல போச்சுன்னா நம்ம வீட்டுல ஏதோ ஒண்ணு வெளிய போயிரும்.”

அவர் சொன்னது விளையாட்டில்லை என்று போகப்போகத் தெரிந்தது. நாங்கள் குடிவருவதற்கு முன்னால் ஒரு வருடம், பொய்யை விடுகிறவர்கள் யார் என்ற கேள்விக்கு அக்கா கையைத் தூக்கியிருக்கிறார். அப்போது வேறொரு சென்டரில் வேலை. டாக்டர் வந்துசேராத நேரங்களில், வந்தவர்கள் எழுந்து போய்விடாமல் இருக்க, ‘டாக்டர் உள்ளேதான் இருக்கிறார்’ என்று சொல்லச் சொல்வார்களாம். கன்வென்ஷன் முடிந்த மறுநாள் அக்கா வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் டாக்டர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போயிற்று. ஊரில் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை என்பதால் வேறொன்று கிடைத்தது. ஆனால் அது கிடைக்கும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. அதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

கிராமங்களுக்குப் போகிறவர்கள் யார் என்று கேட்டு அக்கா கையைத் தூக்கிய வருடம் நான் கூடவே இருந்தேன். வாடிப்பட்டி தாண்டி உள்ளே சில ஊர்களில் நம் சபையாரின் வீடுகள் ஒன்றிரண்டு உண்டு. அங்கிருக்கும் பெண்களோடு சனிக்கிழமை ஜெபிக்கப் போக ஆளில்லை, சரியான பஸ்ஸும் இல்லை. அக்கா சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர். ஒரு பழைய ஸ்கூட்டியை வாங்கி, பள்ளிக்கூட மைதானத்தில் பழகத் தொடங்கினார். முழங்கையில் பிளாஸ்திரி, முழங்காலில் பிளாஸ்திரி. பழகி முடிக்கும் முன்பே நான்குவழிச் சாலையில் இறங்கிவிட்டார். பின்னால் அண்ணன் தன் பைக்கில், லாரிகளுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு வேலி மாதிரி, கடைசிவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்.

“ஆண்டவரு போன்னுதான சொன்னாரு. ஓட்டத் தெரியுமான்னு கேக்கலயே” என்றார் அக்கா, பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டே.

“அவரு கேக்கல, சரி. லாரிக்காரன் கேப்பான்ல” என்றார் அண்ணன்.

என்னையும் ஒரு சனிக்கிழமை பின்னால் உட்காரக் கூப்பிட்டார். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல் என்றேன். காய்ச்சல் உண்மைதான். ஆனால் அன்று காய்ச்சல் இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷத்துக்காக ஒரு வாரம் வருத்தமாக இருந்தது.

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒருநாள் கேட்டேன். “உங்களுக்குப் பயமே வராதாக்கா?”

“வராம என்ன. அதுக்குத்தான போறேன்.” கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு பேசினார். “ஃபேனப் போட்டு உக்காந்து ஜெபம் பண்ணுறப்ப எனக்கு ஆண்டவரு வாரதே இல்ல டீச்சர். தூக்கம்தான் வருது. அந்த ரோட்டுல லாரிக்குப் பக்கத்துல போறேன் பாருங்க, அப்பத்தான் வாராரு. தோளத் தொடுற மாதிரி அம்புட்டுக் கிட்ட. எனக்கு விசுவாசம் கம்மி. உங்கள மாதிரி உக்காந்த எடத்துலயே நம்ப எனக்குத் தெரியல.”

என்னைப் புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று புரியவில்லை. குத்துகிற ஆள் இல்லை அவர். அன்று ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தபோது எனக்கும் தூக்கம்தான் வந்தது. அதற்கு முன்பும் வந்திருக்கும், கவனித்ததில்லை. போகாத இடத்துக்குப் போவதும் வேண்டாத ஆபத்தை இழுத்துக்கொள்வதும் அந்தப் பெண்களுக்காகவா, தோளைத் தொடுகிற அந்த நேரத்துக்காகவா என்று ஒரு கேள்வியும் அன்றே வந்தது. கேட்கக்கூடாத கேள்வி என்று அடக்கிவைத்தேன்.

அடுத்த வருடக் கன்வென்ஷனுக்கு அண்ணனால் வர முடியவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “தங்கச்சி, இந்த வாட்டி கையப் பிடிக்கிற டூட்டி ஒனக்கு.” நான் சரி என்று சிரித்தேன்.

பிரசங்கியார் அன்று வீட்டுக் கதவுகளைப் பற்றிப் பேசினார். நம் வீட்டில் எத்தனை அறை, அதில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று பேசினார். யாருக்கும் வேண்டாதவர்களுக்கு உங்கள் வீட்டுக் கதவைத் திறப்பீர்களா என்று கேட்டார். கீபோர்டு தொடங்கியது. மகள் என் வலது கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். அக்காவின் கையை நான் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிப்பது, அவர் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எனக்கு நேர் முன்னால் ஆயரின் மனைவி, எங்கள் ஆயரம்மா. நான் மட்டும் தூக்காமல் இருந்தால் திறக்க மாட்டேன் என்று சொன்னது போல ஆகுமே. இடது கையைத் தூக்கினேன். காது உயரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால் பிள்ளை விழித்துவிடும் என்று நினைத்தேன். வாடகை வீட்டில் இருக்கிறவள் எந்தக் கதவைத் திறக்கப்போகிறேன் என்றும் நினைத்தேன்.

பஸ்ஸில் முதல்முறையாக அக்கா என்னிடம் கேட்டார். “நீங்க தூக்குனீகளா டீச்சர்?”

“ஆமாக்கா.”

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

திருமங்கலம் ரோட்டில் தெற்கே போனால் ஊருக்கு வெளியே ஒரு டி.பி. ஆஸ்பத்திரி இருக்கிறது. அக்கா அங்கே ஞாயிறு மதியங்களில் போய்வருவார் என்று எனக்குத் தெரியும். பழம் கொடுப்பார், ஜெபிப்பார். கன்வென்ஷன் முடிந்து சில வாரங்களில் அங்கிருந்து ஒரு பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். டிஸ்சார்ஜ் ஆகியும் புருஷன் வீட்டிலும் கூடப்பிறந்தவன் வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. மருந்து இன்னும் பாக்கி இருந்தது. கீழ்வீட்டின் பின்னறையைத் திறந்து, ஜன்னலோரம் கட்டில் போட்டுக் கொடுத்தார்.

நான் மாடிப்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“மாடியில பிள்ள இருக்கேன்னு ரெண்டு நாளா ரோசன டீச்சர்” என்றார் அக்கா. “அப்புறம், நீங்களும்தான தூக்கிருக்கீக. அதான் தைரியமாக் கூட்டியாந்துட்டேன்.”

அது இடது கை, காது உயரம், ஆயரம்மா முன்னால் இருந்தார் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. “சரிக்கா” என்றேன்.

படித்தவள் நான். ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கியபின் பெரும்பாலும் அந்த நோய் பிறருக்குப் பரவாது என்று தெரியும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் என் உயிர் போயிற்று. போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பக்கம் பயப்படாதே என்றது, அடுத்த பக்கம் சின்னக் குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றது. பிள்ளையை மாடியிலேயே வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அக்கா கையில் வளர்ந்த பிள்ளை. கதவு திறந்தால் படியில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே இறங்கிவிடுவாள்.

அந்தப் பெண் எங்கள் எல்லாரையும்விட ஜாக்கிரதையாக இருந்தாள். என் மகள் ஓடிவருவதைப் பார்த்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்வரைக்கும் பின்வாங்குவாள். “அங்கிட்டே நில்லு தாயி. கிட்ட வராத” என்பாள். மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கவுனைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டு, அவளைப் போலவே பின்பக்கமாக நடந்து எதிர்ச் சுவரில் முட்டி நிற்பாள். இரண்டு பேரும் இரண்டு சுவர்களில் சாய்ந்து, கண்களால் சிரித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து அக்கா சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

அக்காவைப் பற்றி என் அம்மா போனில் கேட்டார்: “அவளுக்குன்னு ஒரு பிள்ள இருந்தா இந்தக் காரியம் செய்வாளாடி?”

அப்படிப் பேசாதீங்கம்மா என்று வைத்துவிட்டேன். ஆனால் போனை வைத்தாலும் கேள்வி போகவில்லை. பிள்ளை இருந்தால் செய்திருக்க மாட்டார் என்றால், பிள்ளை பெற்ற எங்களுக்கெல்லாம் விசுவாசம் பாதிதானா? பிள்ளை இருந்தும் செய்திருப்பார் என்றால், அது இன்னும் பயமாக இருந்தது.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம் மகளுக்கு இருமல் வந்தது. சிரப்புக்கு அடங்கவில்லை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்தது. கோரிப்பாளையத்துக் குழந்தை டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். பக்கத்திலேயே இருந்தது அக்காவின் சென்டர்தான். வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தொட்டால் மகள் கத்தித் தீர்த்துவிடுவாள்.

எங்களைப் பார்த்ததும் அக்கா கையை நீட்டினார். சீட்டை வாங்கிப் படித்தார். எனக்கு ஈயக் கவசத்தை மாட்டிவிட்டார். தோளில் அது ஒரு மூட்டை மாதிரி இறங்கியது. மகளை மேஜை மேல் உட்கார வைத்து, “குருவி எப்பிடிப் பறக்கும்? ரெண்டு கையயும் தூக்கு பாப்பம்” என்றார். மகள் சந்தோஷமாகத் தூக்கினாள். “டீச்சர், அந்தக் கைய அப்பிடியே பிடிச்சுக்கங்க. எறங்க விட்டுறாதீக. ஆடக்கூடாது.”

நான் பிடித்துக்கொண்டேன். அக்கா தடுப்புக்குப் பின்னால் போனார். மகள் முதலில் சிரித்தாள், பிறகு கையை விடுவிக்க முறுக்கினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் பெரிதாக மூச்சை இழுக்கும் நொடிக்காக அக்கா காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபமா, எண்ணிக்கையா, தெரியாது. மெஷின் ஒரு சத்தம் போட்டது. முடிந்துவிட்டது.

“என்னக்கா தெரியுது?”

“நான் படம் எடுக்குறவ. பாத்துச் சொல்றது டாக்டரு.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எத்தனை நெஞ்சுகளைப் பார்த்திருப்பார். பொய் சொல்வதை விட்டவர். அதனால்தான் அன்று அதற்கு மேல் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச்சொல்லித் தடிப்பைப் பார்த்தார். பிரைமரி காம்ப்ளெக்ஸ் மாதிரி இருக்கிறது, டி.பி.யின் ஆரம்பம், பிள்ளைகளுக்கு வருவதுதான், ஆறு மாதம் விடாமல் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். கீழ்வீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண்ணின் சளிப் பரிசோதனை பற்றிக் கேட்டார். கிருமி இல்லை என்று வந்ததைச் சொன்னேன்.

“அப்ப அவங்ககிட்ட இருந்து வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மிம்மா. பஸ்ல வந்திருக்கலாம், கல்யாண மண்டபத்துல வந்திருக்கலாம். யாருன்னு தேடாதீங்க. மருந்தக் கொடுங்க.”

“கம்மியா டாக்டர், இல்லவே இல்லையா?”

“இல்லவே இல்லைன்னு நாங்க எதையுமே சொல்ல மாட்டோம்.”

அன்று மாலை அக்கா மாடிக்கு வந்தார். வழக்கமாகக் கீழிருந்தே டீச்சர் என்று சத்தம் கொடுத்துக்கொண்டுதான் ஏறுவார். அன்று சத்தமில்லை. என் கணவர் அவரை வாங்க என்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா நிலைப்படியிலேயே நின்றார்.

“கையத் தூக்குனது நான். இருமுறது உங்க பிள்ள” என்றார். “இது எப்பிடின்னு எனக்குத் தெரியல டீச்சர். மத்தியானத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். இந்த வாட்டி அவரு கிட்டயே வரல.”

நீங்களும்தானே தூக்கினீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: “அவள அனுப்பிறவா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா இப்பவே அனுப்பிர்றேன்.”

கீழே ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அனுப்புங்கள் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. எங்கே அனுப்புவார்? வைத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை வாய் வரைக்கும்கூட வரவில்லை. தொட்டிலில் மகள் இருமினாள்.

“நாங்க போறோம்க்கா” என்றேன்.

என் கணவருக்கு வாடிப்பட்டிப் பக்கத்து மில்லில் வேலை. எத்தனையோ நாளாக அங்கேயே வீடு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதே மாதம் பார்த்துவிட்டார். சாமான் ஏற்றும்போது அண்ணன் கட்டிலைப் பிரித்துக் கொடுத்தார், கயிறு கட்டினார். “தப்பா நெனச்சுக்காத தங்கச்சி” என்றார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அக்கா மகளைத் தூக்கவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. வாசலின் அந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் ஆட்டினார். தொட்டால் நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பார். பயந்திருப்பேன்.

மகளுக்குச் சரியாகிவிட்டது. இப்போது மூன்றாம் வகுப்பு போகிறாள். தெருவில் அவள் போடும் சத்தத்துக்கு நெஞ்சில் எந்தக் குறையும் இருக்க முடியாது. ஆனாலும் தும்மினால் நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

அக்காவும் அண்ணனும் ஒடிசாப் பக்கம் ஒரு மலைக் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அங்கே எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை என்று யாரோ ஒரு கூட்டத்தில் கேட்டாராம். மொழி தெரியாது, ரோடு சரியில்லை, மலேரியா வேறு. அண்ணன் அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாராம். பிடித்த கையையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டாள் என்று அவரே சபையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அழுகை வந்தது. பெருமையா, பொறாமையா, தள்ளிப் போய்விட்டார் என்ற நிம்மதியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணை ஒருமுறை வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சதை போட்டு, அடையாளமே தெரியவில்லை. ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். என் பின்னால் நின்ற மகளைப் பார்த்ததும் அவள் கை தானாக முந்தானைக்குப் போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து, தூணில் போய் முட்டினாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“இப்ப எனக்கு ஒண்ணுமில்லம்மா. டாக்டர் சொல்லிட்டாக. இது பழக்கம்.”

மகளுக்கு அவளை நினைவில்லை. நான்தான் மகளின் தோளைப் பிடித்து ஓரடி முன்னால் நகர்த்தினேன். ஓரடிதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் எங்கள் ஆயர் அறிவிப்பு வாசித்தார். இந்த வருடம் கிறிஸ்மஸ் கேரல்ஸுக்கு வீடுகளுக்கு மட்டும் போகாமல், வேன் பிடித்துத் திருமங்கலம் ரோட்டு டி.பி. ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாடப்போகிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கீபோர்டும் இல்லை, கண்ணை மூடச் சொல்லவும் இல்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. காது உயரத்துக்கு இல்லை. வலது கை, நேராக, விரல்கள் பிரிந்து, இன்னும் உயரம் வேண்டும் என்பது போல எம்பிக்கொண்டு.

என் கை போய் அந்த முழங்கையைப் பிடித்தது. இறக்கத்தான் பிடித்திருப்பேன். பிடித்த பிறகு இறக்கவில்லை.

ஞாயிறு பள்ளி டீச்சர் நோட்டும் பேனாவுமாக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். “பேர எழுதிக்கிறவாக்கா?”

வராந்தாவில் வெட்டவெளியில் நின்று பாடிவிட்டு வரப்போகிறார்கள், மாஸ்க் போட்டு அனுப்பலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம், இல்லை, வேண்டவே வேண்டாம், இவள் நெஞ்சு ஏற்கனவே ஒரு தடவை பட்டது என்று எல்லாமும் ஒன்றாக ஓடியது. முன் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எழுதிக்கங்க” என்றேன்.

அதை நம்பிச் சொன்னேனா, திரும்பிப் பார்த்த அந்த இரண்டு பேருக்காகச் சொன்னேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா இருந்தால் கேட்டிருக்கலாம். அவரும் தெரியல டீச்சர் என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

டீச்சர் எழுதிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். மற்ற பிள்ளைகளின் கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. மகள் என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள்:

“அம்மா, கைய விடுங்க. வலிக்குது.”